கார்மேகம் என்னும் வம்சம்

என் குடும்பப் பெயருக்கு வயது பத்தொன்பது. என்னைவிட ஒரு வருஷம் சின்னது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று கமுதி ஏஜென்ட் சொன்னதால், அப்பா தன் பெயரையே அதில் போட்டுவிட்டார். அன்று முதல் நான் விஜயபாஸ்கர் கார்மேகம். அப்பா அவருடைய பாஸ்போர்ட்டில் கார்மேகம் மாயாண்டி. மாயாண்டி என் தாத்தா. எங்கள் வீட்டில் யாருக்கும் யாரோடும் குடும்பப் பெயர் ஒத்துப்போகாது. அதனால் ஒருநாளும் சோறு வேகாமல் இருந்ததில்லை.

ஷார்ஜாவில் நான் படிக்கும் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் பவெல் சார் வேல்ஸ்காரர். ‘உங்கள் குடும்பப் பெயரின் தோற்றமும் வரலாறும்’ என்று கட்டுரை கேட்டார். இருபது மார்க். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவன் நான். இதிலும் போனால் கல்லூரி என் விசாவைப் புதுப்பிக்காது. நேராகக் கமுதிதான். ஆகவே பயபக்தியோடு எழுதினேன்:

‘கார்மேகம் என்ற பெயர் 1974-இல் கமுதி அருகே தோன்றியது. 1998-இல் ஷார்ஜா தொழில்பேட்டைக்குப் பரவியது. அங்கே ஒரு கராஜில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் வேலையில் நிலைபெற்றது. பாகிஸ்தானி நண்பர்களிடையே கரீம் பாய் என்றும் வழங்குகிறது. இடுப்புவலி உண்டு.’

சைபர். கீழே சிவப்பில்: ‘இது ஒரு மனிதரின் கதை. குடும்பத்தின் வரலாறு எங்கே?’

நேரில் போனேன்.

“உட்காருங்கள், மிஸ்டர் கார்மேகம்.”

“அது அப்பா சார். நான் பாஸ்கர்.”

“ஆனால் நீங்கள் கார்மேகம் குடும்பம்தானே?”

“குடும்பமே கார்மேகம்தான் சார். ஒரே ஆள்.”

அவர் பொறுமையாக லேப்டாப்பைத் திறந்து, தன் பெயரைப் பற்றித் தானே எழுதிய கட்டுரையைக் காட்டினார். பதினோரு பக்கம். அட்டையில் சிங்கம் போட்ட சின்னம்.

“வேல்ஸில் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் என்று பெரும்பாலும் கிடையாது. தகப்பன் பெயர்தான். ‘அப்’ என்றால் மகன். ஹவெலின் மகன், அப் ஹவெல். பிறகு ஆங்கிலேயர் சட்டம், நீதிமன்றம், பதிவேடு. யாரோ ஒரு எழுத்தர் பவெல் என்று எழுதினார். அதுவே நிலைத்துவிட்டது.”

“நாங்களும் அதேதான் சார். உங்க ஏஜென்ட் நானூறு வருஷம் முன்னாடியே வந்துட்டார். எங்களுக்கு இப்பதான் வந்திருக்கார்.”

சிரித்தார். சிரிப்புக்கு மார்க் இல்லை.

“அந்த ஹவெல் என்ன வேலை பார்த்தார் சார்?”

“தெரியாது.”

“இடுப்புவலி?”

“எப்படித் தெரியும்?”

“என் ஹவெல் இப்ப டூட்டில இருக்கார். போன் போட்டா எடுப்பார்.”

“மிஸ்டர் கார்மேகம், ஐந்து தலைமுறைக்காவது ஒரே பெயர் இருக்க வேண்டும். மார்க் போடும் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விட முடியாது. வியாழனுக்குள் திருத்திக் கொடுங்கள்.”

மறுபடியும் ஒரு கட்டம்.

இரண்டு நாள் உட்கார்ந்து கார்மேகர் வம்சத்தைப் பெற்றெடுத்தேன். பதினேழு தலைமுறை. பஞ்ச காலத்தில் மழையை அழைத்துவந்த ஆதி கார்மேகர். அரசவையில் தனி இருக்கை. மேகமும் வாளும் பொறித்த சின்னம். ஆதாரம், ஓலைச்சுவடி, ‘கரையான் தின்றுவிட்டது’ என்று அடிக்குறிப்பு.

புதன்கிழமை அப்பா டூட்டி முடிந்து ரூமுக்கு வந்தார். கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “படிடா, கேப்போம்” என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வாள் வந்த இடத்தில் தலையாட்டினார்.

“இதுல நான் எங்கடா இருக்கேன்?”

“பதினாறாவது தலைமுறைப்பா. கடைசிக்கு முந்தின வரி.”

“முன்னாடி எழுதுனதுல நெறைய இருந்தேன்ல?”

“முழுக்க நீங்கதான். அதுக்குத்தான் சைபர்.”

“எங்கப்பன் மாயாண்டி?”

“அவரையும் கார்மேகம் ஆக்கிட்டேன். ஒரே பேர் வேணுமாம்.”

துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

“உசுரோட இருந்தா கம்பெடுத்திருப்பாரு,” என்றார். பிறகு, “சரி, எது பாஸாகுமோ அதக் குடு. விசா முக்கியம்.”

கொடுத்தேன். பதினெட்டு. கீழே சிவப்பில்: ‘இப்போதுதான் உங்கள் குடும்பம் கண்ணுக்குத் தெரிகிறது.’