அள்ளி ஊற்றிய கை

என் மாமனார் எனக்கு இரண்டாம் முறை சோறு வைக்கச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. "முதல்ல வேலையப் பார்க்கட்டும்" என்பார். வேலை என்பது அவருடைய நண்டுக் குஞ்சுத் தொட்டி. ஏற்கெனவே ஒரு தொட்டிக் குஞ்சுகள் செத்து, பழி என் தலையில் விழுந்திருந்தது. இதுவும் செத்தால் வீட்டோடு மாப்பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று மகளிடமே சொல்லிவிட்டார்.

நண்டுக் குஞ்சு தூசி அளவுதான் இருக்கும். ஆனால் மிடுக்குக்குக் குறைச்சல் இல்லை. இரை உயிரோடு துள்ளினால்தான் வாயைத் திறக்கும். அதற்காக ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சியின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, பொரித்த கையோடு அளந்து ஊற்ற வேண்டும். மிச்சம் விழுந்தால் பூச்சி வளர்ந்துவிடும். பிறகு குஞ்சால் அதைப் பிடிக்கவே முடியாது.

அன்று குஞ்சு வாங்கும் வியாபாரி வந்தார். மாமனார் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு டார்ச்சோடு வந்தார். வெளிச்சம் பட்டதும் தொட்டியில் ஒரே கும்மாளம்.

"பாருங்க, என்ன ஓட்டம் ஓடுதுங்க. எல்லாம் என் கைராசி."

என் மனைவி ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"அப்பா, இது நண்டு இல்ல. நண்டோட சாப்பாடு."

"அப்ப நண்டு?"

அவள் அடியில் குழாயை விட்டு உறிஞ்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். சாம்பல் போலப் படிந்தது. விருந்துக்கு நடுவே பட்டினியில் செத்திருந்தன. வியாபாரி சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நான் அளவு தவறியதில்லை. ஆனால் யார் நம்புவார்? மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அவரு இல்லம்மா" என்றார் மாமனார். "நீங்க சாப்பிடப் போறப்பல்லாம் நான்தான் ரெண்டு குவளை சேர்த்து ஊத்தினேன். பச்சப்புள்ளைங்க, பசிக்குமேன்னு."

"போன தொட்டியிலயும் ஊத்துனீங்களா?"

"அதுலயும்தான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அவள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மாமனார் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

"அடுத்த தொட்டி போடுறப்ப நான் உள்ள வரலாமா, மாப்பிள்ளை?"

"வாங்க மாமா. கையப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க."