முனாஸின் பெயரில் ஓடும் படம்

ஊரில் ஒருவர் இறந்தால் 'மௌத்து' என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும். சந்திக் கடை வரை தெரிந்துவிடும். பல்கலைக்கழக நூலகத்தின் கணினிக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்வதில்லை. முனாஸுக்கோ அந்த அறிவிப்பே நடக்கவில்லை. நூலகத்தில் வேலை செய்தவன், லீவு நாளில் சொந்தக்காரரின் படகில் ஏறிப் போனான். கூடப்போன இருவரின் ஜனாஸாக்களும் பாலமுனைப் பக்கம் கரையொதுங்கின. அவன் மட்டும் வரவில்லை. பள்ளிவாசலில் முடிவு சொல்லத் தயாராகத்தான் இருந்தார்கள்.

"என்ட மகன ஆரும் மௌத்தாக்க வேணாம்" என்று அவனைப் பெற்ற சல்மா உம்மா ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.

அந்த நூலகத்தில் இணையவழிப் படங்களுக்குப் பொறுப்பு ஹுஸ்னியா. ஒரு நாள் காலையில் கணினியைத் திறந்தவள் பட்டியலை இரண்டு தரம் படித்தாள். முனாஸின் பெயரில் யாரோ வெளியிலிருந்து நுழைந்து படம் பார்த்திருக்கிறார்கள். நேற்றும், முந்தாநாளும். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு, அதே படம், அதே இடம் திரும்பத் திரும்ப. கரைவலை இழுப்பவர்களைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த விவரணப் படம் அது.

படங்களைத் தந்த கம்பனியின் ஒப்பந்தம் கறாரானது. இப்போது படிப்பவர்களும் வேலையில் இருப்பவர்களும் மட்டுமே வீட்டிலிருந்து பார்க்கலாம். மற்றவர்கள் நூலகத்துக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், தடையில்லை. கடலில் போனவனை இதில் எந்தப் பக்கம் சேர்ப்பது?

சாய்ந்தமருதில் அவன் வீட்டுக்குப் போனாள் ஹுஸ்னியா. போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"முனாஸ்ட பேர்ல ஆரோ படம் பாக்கிறாங்க, சாச்சி."

சல்மா உம்மாவின் முகம் மலர்ந்ததைக் கண்டபோதுதான், தான் செய்த பிழை அவளுக்கு உறைத்தது.

"ஆரோ இல்ல புள்ள, அவன்தான். எங்கயோ இரிக்கான்."

வெளியே வந்தவளின் பின்னால் கேட் வரை ஓடி வந்தாள் முனாஸின் மனைவி சஹ்லா.

"நான்தான் ராத்தா. அவர்ட லெப்டொப்ல பாக்கிறன். அந்தப் படக்காரருக்கு அவர்தான் தமிழக் கேட்டு இங்கிலீசுல சொன்னவர். ஆளக் காட்டல்ல. ஒரு இடத்தில மட்டும் குரல் வருது. 'கொஞ்சம் நில்லுங்க, இந்தா வாறன்' எண்டு. போனும் அவரோட போயிட்டு. எனக்கிட்ட இரிக்கிற குரல் அது ஒண்டுதான்."

"கணக்க மூடத்தான் வேணும் சஹ்லா. நீங்க லைப்ரரிக்கு வந்து பாருங்க."

"என்ன எழுதி மூடுவீங்க? மௌத்து எண்டா? அப்ப நான் இத்தா இரிக்கணும். நாலு மாசமும் பத்து நாளும் வாசல் தாண்டேலா. பொறகு எப்பிடி லைப்ரரிக்கு வாற?"

ஊரே எழுதாத சொல்லை முதலில் எழுத ஹுஸ்னியாவுக்குக் கை வரவில்லை. ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது என்று விட்டுவிட்டாள். அசர் தாண்டினால் முனாஸின் பெயர் திரையில் வரும். யாரென்று தெரிந்த பிறகும் அவள் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சில நாட்களில் சஹ்லாவே அழைத்தாள்.

"பின்னேரமானா மாமி கேட்டத் திறந்து வைக்கிறா. சோறு போட்டு மூடி வைக்கிறா. அவருக்கெண்டு. எனக்குப் பார்க்கேலாம இரிக்கி. மௌத்து எண்டே எழுதுங்க ராத்தா. பள்ளிக்கும் சொல்லி அனுப்பிட்டன்."

ஹுஸ்னியா எழுதினாள். அன்று அசருக்குப் பிறகு அவன் பெயர் வரவில்லை. ஒரு மனிதனைத் தன் கையாலேயே அடக்கம் செய்துவிட்டது போல அவளுக்கு அழுகை வந்தது.

இத்தா முடிந்த கையோடு சஹ்லா நூலகத்துக்கு வந்தாள், மாமியையும் கூட்டிக்கொண்டு.

"அவவும் தன்ட காதால கேக்கட்டும் ராத்தா. வெறும் படம்தான் எண்டு விளங்கட்டும்."

ஹுஸ்னியா சல்மா உம்மாவின் முக்காட்டுக்கு மேல் ஹெட்போனை மாட்டி, அந்த இடத்தை ஓடவிட்டாள். வலை கரைக்கு வந்தது. ஆள் தெரியவில்லை. சல்மா உம்மாவின் கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றி மருமகளைப் பார்த்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நான் சொன்னன்தானே? இந்தா வாறன் எண்டுதான் சொல்றான்."

சஹ்லா ஹெட்போனை வாங்கி மேசையில் வைத்தாள்.

"ஓம் மாமி" என்றாள்.

ஹுஸ்னியாதான் ஓட்டோ பிடித்து அவர்களை வீட்டில் இறக்கிவிட்டாள். சல்மா உம்மா முன்னால் உள்ளே போனார். பின்னால் போன சஹ்லா கேட்டைச் சாத்தப் போனவள், கையை எடுத்து, அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள்.