அறுபதில் நின்ற முள்

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊர்காவற்றுறையை விட்டு ஓடியபோது, மரியநாயகம் தன் ஒஸ்ரின் காரிலிருந்து மீற்றர்களைக் கழற்றிச் சாரமொன்றில் சுற்றி எடுத்துப் போனார். கார் களவு போகாமலிருக்க மற்றவர்கள் சில்லைக் கழற்றினார்கள், வயரை அறுத்தார்கள். அவருக்கு இதுதான் தோன்றியது. மீற்றர் முள் இல்லாத காரை ஒருவன் ஓட்டுவான் என்பது அவருடைய புத்திக்கு எட்டவில்லை. வாடகைக்கு ஓடிய காலம் முழுவதும் வீதியைப் பார்த்த அளவுக்கு, எஞ்சினின் ஒயில் அழுத்தத்தைக் காட்டும் ஒயில் மீற்றரையும் பார்த்தவர்.

திரும்பி வந்தபோது எஞ்சின் இல்லை. யாரோ தண்ணீர் இறைக்கக் கொண்டுபோயிருந்தார்கள். கார் கொட்டிலுக்குள் கறள் பிடித்து நின்றது. மீற்றர்கள் இருந்த வட்ட ஓட்டைகளில் குளவி கூடு கட்டியிருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு மகள் மாக்கிறேற் அந்தக் காரைத் திருத்த எண்ணியது தகப்பனுக்காகத்தான். தாய் இறந்த பிறகு அவர் கதிரையை விட்டு எழும்புவதே குறைந்துவிட்டது. ஸ்ரியறிங்கைப் பிடித்தால் பழைய மனிதர் திரும்பி வருவார் என்று நினைத்தாள். அந்தக் காருக்குரிய பெற்றோல் எஞ்சின் எங்கும் கிடைக்கவில்லை. வேலணையில் கராஜ் வைத்திருக்கும் பிரதாபன் பழைய வான் வண்டியொன்றின் டீசல் எஞ்சினை இறக்கினான். மீற்றர்கள் மட்டும் பழையவையாகவே இருக்கவேண்டும் என்று மரியநாயகம் சொல்லிவிட்டு, சாரத்தை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார்.

பிரதாபன் பித்தளையில் ஒரு இணைப்புக் கடைந்து, ஒயில் மீற்றரின் மெல்லிய குழாயைப் புதிய எஞ்சினில் பூட்டினான். கார் ஓடியது. வீதியில் ஒயில் முள் நாற்பதைத் தாண்டவில்லை. அந்த எஞ்சினுக்கு அதுவே போதும். ஆனால் மரியநாயகத்தின் பழைய எஞ்சின் அறுபதில் ஓடியது. அவர் சரவணைச் சந்தியிலேயே நிறுத்தி இறங்கிவிட்டார்.

“தம்பி, இது சாகப்போற எஞ்சின். இதிலை நான் ஆக்களை ஏத்தமாட்டன்.”

பிரதாபன் எவ்வளவோ விளங்கப்படுத்தினான். அவர் கதிரைக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் மாக்கிறேற் தனியே கராஜுக்குப் போய், முள்ளை அறுபதில் நிற்க வைக்க ஏலுமா என்று கேட்டாள். அவன் முதலில் சிரித்தான்.

“அக்கா, அப்ப அது மீற்றர் இல்லை. சுவரிலை கீறின மணிக்கூடு.”

“அவர் கார் ஓடினால் எனக்கு அதுவே காணும்.”

அவன் குழாயைக் கழற்றி, எஞ்சினில் அது இருந்த ஓட்டையை ஒரு திருகாணியால் அடைத்தான். மீற்றருக்குள் மோட்டார் சைக்கிள் ஒன்றின் பெற்றோல் முள்ளை இயக்கும் பகுதியை வைத்து வயர் கொடுத்தான். எஞ்சின் ஓடினால் முள் எழும்பி அறுபதில் நிற்கும், நின்றால் விழும். ஒயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மரியநாயகம் கார் ஓடினார். சேர்ட் போட்டு, சீப்பால் தலை இழுத்து, கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றினார். ஒருநாள், “முந்தி முள்ளு கொஞ்சம் நடுங்கும். டீசல் எண்டபடியாலாக்கும் இது நடுங்கேல்லை” என்றார். மாக்கிறேற் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

இருவரும் யாழ்ப்பாணம் போகும் வழியில், கடலுக்கு நடுவே போகும் பண்ணைத் தாம்போதியில், எஞ்சின் இரும்பை இரும்பால் அடிப்பதுபோல அடித்து இறுகி நின்றது. செய்தி கேட்டுப் பிரதாபன் வந்து கீழே படுத்துப் பார்த்தான். அவன் அடைத்த ஆணி தளர்ந்து ஒயில் முழுக்கப் போயிருந்தது. எழும்பியவன் மாக்கிறேற்றைப் பார்த்தான்.

மரியநாயகம் தாம்போதிக் கட்டின் மேல் இருந்தார். இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது.

“அல்லைப்பிட்டியிலையே சத்தம் மாறினது பிள்ளை. முள்ளைப் பாத்தன், அறுபதிலை நிண்டது. என்ரை காதுதான் பழுது எண்டு நினைச்சு ஓடினனான். இனி எனக்கு ஏலாது. காது போனவன் கார் ஓடக்கூடாது.”

அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

“உங்கடை காது சரி அப்பா. முள்ளுத்தான் பொய். நான்தான் அப்பிடிச் செய்விச்சனான்.”

அவர் ஏசவில்லை. பிரதாபனிடம் திருகாணிச் சாவியை வாங்கி மீற்றரைக் கழற்றினார். பின்பக்கம் திருப்பி, குழாய் இருந்த இடத்தில் தொங்கிய இரண்டு வயர்களைப் பார்த்தார். அத்தனை வருடம் சுமந்ததை அவளுடைய கையில் வைத்தார்.

“அப்ப உமக்கும் தெரியும், தம்பி” என்று மட்டும் பிரதாபனிடம் சொன்னார்.

ட்ராக்டர் வந்து கட்டி இழுத்தது. யாராவது ஸ்ரியறிங் பிடிக்கவேண்டும் என்பதால் அவரே ஏறினார். மாக்கிறேற் பக்கத்தில் இருந்தாள், மீற்றர் மடியில். வேலணை வரும்வரை அவர் அவளையும் பார்க்கவில்லை, அந்த வட்ட ஓட்டையையும் பார்க்கவில்லை. வீதியை மட்டும் பார்த்தார்.