கோட்டு அலமாரியில் ஒரு நிமிடம்

ஆங்கில இலக்கியத்தையும் டிஜிட்டல் ஊடகத்தையும் சேர்த்துப் படிக்கிறேன் என்று சொன்னால் கனடாவின் வின்னிபெக்கில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. படித்து முடித்துவிட்டு என்ன செய்வாய் என்றுதான் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. எலியாஸுக்குத் தெரிந்திருந்தது. என்னோடு அதே இரட்டைப் படிப்புப் படித்தவன் அவன். இலக்கியத்தை ஒப்புக்குத்தான் படித்தான், மனமெல்லாம் சத்தத்தில். கடலோரம் இருக்கிற ஹாலிஃபாக்ஸில் ஒரு சினிமா ஒலிக்கூடம் அவனை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டது. மார்ச் கடைசியில் கிளம்புகிறான். அதற்குள் என் மனதில் இருப்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

நேராகச் சொல்லியிருக்கலாம். இலக்கியம் படித்தவளுக்கு அது வருமா? கடைசி வருடத் திட்டமாக நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஒலிச்சித்திரம் செய்ய வேண்டியிருந்தது. எழுத்தும் குரலும் நான், பதிவு அவன். நூறு வருடத்துக்கு முன் இந்தப் புல்வெளிப் பிரதேசத்தில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை, கடலோரத்துக்குப் போகிற ஒரு விவசாயிக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் என்று கற்பனையாக எழுதினேன். ஒவ்வொரு வரியும் எலியாஸுக்குத்தான். முகத்துக்கு நேரே வாசித்தால் புரியாமலா போகும் என்று நினைத்தேன்.

பல்கலைக்கழகத்து ஒலிப்பதிவு அறையை எப்போதும் யாராவது பிடித்துவைத்திருப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டுக் கோட்டு அலமாரிதான் கதி. குளிர்காலக் கோட்டுகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். என் வாடகை வீட்டு அலமாரியில் பூட்ஸுகளை ஓரம் தள்ளிவிட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். அது போதாதென்று தன் தடித்த பச்சைக் கோட்டையும் என் தலைக்குப் பின்னால் மாட்டினான். அவன் காதில் ஹெட்ஃபோன், கண் ரெக்கார்டரில். நான் வாசித்தேன். கடைசிப் பத்தியில் என் குரல் நடுங்கியது.

"நல்லா வந்திருக்கு சிக்ரிட்," என்றான். "ஆனா நடுவுல உன் வயிறு கத்துது. காலைல சாப்பிடலையா?"

சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அவன் கேட்கவில்லை.

எழப் போனேன். கையைப் பிடித்து உட்கார வைத்தான். பேச்சு முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் நிசப்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வது எங்கள் வழக்கம். பிறகு வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அதை வைத்துத்தான் நிரப்புவோம். நான் வெளியே போய் நிற்கிறேனே என்றேன்.

"ஆள் போனா ரூமோட சத்தமே மாறிடும். அசையாம இரு."

அசையாமல் இருந்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நிசப்தத்தைக் கேட்டான். அவன் முழங்கால் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முடிந்தது. அந்த வாரமே பச்சைக் கோட்டோடு ஊரைவிட்டுப் போயும் விட்டான். வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனேன். மைக்கைக் கீழே போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஒலிச்சித்திரத்தைக் கேட்ட பேராசிரியர் லெனோர் பெட்காவ் ஒரு வரியில் நிறுத்தினார். 'நான் பேசும்போதும் நீ காதை மூடிக்கொண்டு வேறெதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாய்' என்ற வரி.

"அந்தக் காலத்துல ஏர் ஓட்டினவன் எதுக்குக் காதை மூடிக்கணும்?" என்று கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது வேற யாரோ. எனக்குத் தெரிஞ்ச பையன் மாதிரி இருக்கு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கடிதம் எழுதிய அந்த ஆசிரியை உண்மையில் என்ன சொல்ல நினைத்தாளோ அதை எழுதி, அந்த வரியை மட்டும் மாற்றச் சொன்னார். அவருக்கு ஒரு தடவையிலேயே புரிந்துவிட்டது. புரிய வேண்டியவனுக்கு வயிற்றுச் சத்தம்தான் கேட்டது.

தனியாக அலமாரிக்குள் உட்கார்ந்தேன். அலங்காரமாக எதுவும் வரவில்லை. 'நீ போகாமல் இருந்திருக்கலாம்' என்று மட்டும் சொல்லிப் பதிவு செய்து, பழைய வரி இருந்த இடத்தில் ஒட்டி, அதில் அவன் பெயரும் இருக்கிறதே என்று அவனுக்கும் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். கடல் காற்றைப் பற்றிச் சொன்னான். அந்த ஊரில் டோனேர் என்கிற இறைச்சி ரொட்டிச் சுருளில் ஊற்றுகிற தித்திப்புச் சாஸைத் திட்டித் தீர்த்தான். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"கடைசியில ஒரு வரி ஒட்டு போட்டிருக்கல்ல? அந்த இடத்துல ரூம் மாறுது."

அந்த வரியில் நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டாயா மடையா என்று கத்த வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது.

"அதே அலமாரிதான். அதே மைக்குதான்," என்றேன்.

"இல்ல, ஏதோ குறையுது. என் பச்சைக் கோட்டு அங்க இல்லாததாலயா?"

"கோட்டு மட்டுமா இல்ல? நீயும்தான் இல்ல."

ஏதோ பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் பக்கத்திலிருந்து என் குரலே சன்னமாக வந்தது. நீ போகாமல் இருந்திருக்கலாம். மறுபடி ஒரு முறை போட்டான். இந்த முறை அவன் அறையைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

ஏதாவது கேலி பேசிச் சமாளித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அசையாம இரு," என்றான்.

இருந்தேன்.