மாலேயில் வெள்ளிக்கிழமை பெருநாள்

27.05.2025, செவ்வாய்

இன்று ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடித்தேன். மாலைதீவின் தலைநகர் மாலேயின் நேரம் நம் இலங்கை நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தியது. மாலேக்குப் போகவிருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தாவுக்கு நான் எழுதிக்கொடுத்த பயணத் திட்டத்தில், விமானம் இறங்கும் நேரத்தை நம் மணிக்கூட்டின்படி போட்டிருந்தேன். மாலை வகுப்பில் ஸிராஜ் சேர் நாடுகளின் நேர வித்தியாசத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து வெட்டித் திருத்தினேன். வெட்டியது அசிங்கமாகத் தெரிந்ததால் முழுத் தாளையும் திரும்ப எழுதினேன். யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனாலும் பயணத்துறைப் பாடநெறி படிக்கிற ஒருத்தி விடக்கூடிய பிழை இல்லை இது.

பகல் முழுக்கக் கல்முனை பஸாரில் புடவைக் கடையில் நிற்கிறேன். ஐந்து மணிக்கு வகுப்பு. நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இரண்டு தரம் கண் அயர்ந்துவிட்டேன். "ஸகியா, நீங்க இப்ப எந்த நாட்டில இருக்கீங்க?" என்று சேர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் இந்தப் பாடநெறியில் சேர்ந்து மூன்று மாதம்தான். வீட்டில் உள்ளவர்களோ நான் விமானமே ஓட்டுவேன் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் ராத்தாவின் பயணம் என் தலையில் விழுந்தது.

என் ராத்தா ஜெனூபாவின் மாப்பிள்ளை மசூர் மச்சான் மாலேயில், ஒரு கட்டட நிறுவனத்தின் ஆட்களுக்குச் சமைக்கிறார். போய் மூன்றரை வருடம். மகள் பஸ்மினா அப்போது தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள், இப்போது ஐந்து வயது. வாப்பா என்றால் அவளுக்கு ஃபோனில் தெரியும் ஒரு முகமும், அந்த முகத்துக்குப் பின்னால் சுவரில் தொங்கும் நீல வாளியும்தான்.

அவர் வராமல் இருப்பதற்குக் காரணம் இந்த வீடு. நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுத்துத்தான் கல்யாணம் செய்வது. எங்கள் வாப்பா சாய்ந்தமருதில் இந்த வளவில் சுவர் மட்டும் எழுப்பினார். கூரை போடுமுன் மௌத்தாகிவிட்டார். மச்சான் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்காமல் ராத்தாவைக் கல்யாணம் முடித்தார். பிறகு மாலேக்குப் போய்க் கூரை போட்டார், தரை போட்டார், இப்போது மதில் எழும்புகிறது. ஒவ்வொரு வருடமும் 'இன்னும் ஒரு வருஷம்' என்கிறார். நாம் கட்டிக் கொடுத்திருக்க வேண்டிய வீட்டை அவர் கட்டும்போது, 'போதும், வாங்க' என்று சொல்ல ராத்தாவுக்கு வாய் வருவதில்லை. ஃபோனில் சொல்ல எடுத்தாலும் இங்கே பக்கத்தில் உம்மா, அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர்.

இப்போது அவரைத் தெற்கே தூரத்திலுள்ள ஒரு தீவுக்கு அனுப்பப் போகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் விடிய படகு. ஏறுமுன் இரண்டு வருடத்துக்குப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பெருநாள் அன்று மட்டும் முழு லீவு.

"கையெழுத்து வைக்க முந்தி நான் அவர நேர பாத்துக் கதைக்கணும் கா. ஒரு நாள் போதும்" என்றா ராத்தா.

அந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவும். ஜூன் ஆறு, வெள்ளிக்கிழமை, பெருநாளுக்கு முந்தின நாள் பிடிக்கும் அரபா நோன்பை வீட்டில் திறந்துவிட்டு ராத்தாவும் பஸ்மினாவும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவது. சனிக்கிழமை, பெருநாள் காலையில் விமானம். மச்சான் தொழுதுவிட்டு நேரே வந்து கூட்டிக்கொண்டு போவார். மாலே மிகச் சின்ன நகரம், ஒரு பின்னேரத்துக்குள் சுற்றி நடந்துவிடலாம் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். கடற்கரையில் பிள்ளைகள் குளிக்கக் கட்டிவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. அதையும் திட்டத்தில் போட்டிருக்கிறேன். பஸ்மினா கேட்டாள்.

28.05.2025, புதன்

எழுதவே கை வரவில்லை. ஆனால் நடந்ததை ஒழுங்காக எழுதாவிட்டால் நாளைக்கு என்ன செய்வதென்று யோசிக்க முடியாது.

வகுப்பு முடிந்து வந்தபோது உம்மா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தா. மருமகனுக்குக் கொண்டுபோக எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்கிறாவாம்.

"உம்மா, மாசிக் கருவாடு வாற நாட்டுக்கு மீன் கொண்டு போறதா?" என்று ராத்தா சிரித்தா.

"அந்த மீன் வேற, நம்மட மீன் வேற. நீ உண்ட வேலயப் பாரு."

பஸ்மினா தன் பையில் உடுப்பு வைத்து, எடுத்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். வாப்பா உடுக்க வாங்கிய மருதமுனைக் கைத்தறிச் சாரனைத் தன் பையில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம். "சாச்சி, பிளேன்ல ஜன்னல் தொறக்கலாமா?" என்று கேட்டாள். இல்லை என்றதும், "அப்ப எப்பிடி வாப்பாக்கு கை காட்டுற?" என்றாள்.

இரவு இஷா தொழுகைக்குச் சற்று முன் மச்சான் ஃபோனில் அழைத்தார். ராத்தா தொழுகைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"ஸகியா, டிக்கட் எண்டைக்குக் கா?"

"சனிக்கிழம மச்சான். பெருநாளண்டு காலயில."

 பின்னால் யாரோ சட்டி தேய்க்கும் சத்தம் கேட்டது.

"இங்க பெருநாள் வெள்ளிக்கிழம புள்ள. நேத்து ராவே சொல்லிட்டாங்க. மக்காவோட சேத்துத்தான் இங்க. சனிக்கிழம விடிய நான் போட்டுல ஏறிருவன்."

நான் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தேன். ஜூன் ஏழு, சனிக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள், சிவப்பு எழுத்தில். சித்திரையில் டிக்கெட் போடும்போது அந்தக் கலண்டரைப் பார்த்துத்தான் போட்டேன். நம் பிறை வேறு, அடுத்த நாடுகளின் பிறை வேறு என்பது எனக்குத் தெரியாததா? நம் ஊரிலேயே வருடா வருடம் இதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அரை மணித்தியால வித்தியாசத்துக்கு ஒரு தாளைத் திரும்ப எழுதினேன், ஒரு முழு நாளைக் காணவில்லை.

சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நம் பிறையையும் அறிவித்தார்கள். பெருநாள் சனிக்கிழமைதான். கலண்டர் சரி.

ராத்தாவிடம் சொன்னேன். அவ தொழுகைப் பாயில் இருந்தபடி கேட்டுக்கொண்டா. ஏசவில்லை. "நீயும் பாவம், எல்லாத்தையும் நீயே பாக்கிறாய்" என்றா. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

உம்மாதான் ஏசினா. "படிச்சு என்னத்துக்கு? கலண்டர் பாக்க எனக்கும் தெரியும்."

29.05.2025, வியாழன்

பகல் சாப்பாட்டு நேரத்தில், நாங்கள் டிக்கெட் போட்ட றுமைஸ் காக்காவின் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அல்லாஹ்! நானும் பாக்கல்லயே தங்கச்சி. மக்காக்கு உம்ரா போறவங்களுக்கெல்லாம் நாள் எண்ணி எண்ணித்தான் போடுவன். மாலேக்கு இதப் பாக்கணும் எண்டு எவன் நெனச்சான்."

"முந்தி ஒரு பிளேனுக்கு மாத்த ஏலுமா காக்கா?"

அவர் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அவருடைய மின்விசிறிக்குக் கீழே நின்றேன். அவ்வளவு களைப்பாக இருந்தது, அவர் இன்னும் கொஞ்ச நேரம் தேடினால் நல்லது என்று கூட நினைத்தேன்.

"வெள்ளி எல்லாம் ஃபுல். பெருநாளைக்கு அங்க போற சனம், அங்கயிருந்து வந்து திரும்புற சனம். வாற வியாழன் ஒரு சீட் இரிக்கு."

"ரெண்டு வேணும்."

"ஒண்டுதான் தங்கச்சி. புள்ளக்கு ரெண்டு வயசுக்குள்ள எண்டா மடியில வெக்கலாம். எத்தின வயசு?"

"அஞ்சு."

"அப்ப ஏலா." பிறகு, என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "நாளக்கி பத்து மணி மட்டும் புடிச்சு வெக்கிறன். ஊட்ட போய்க் கேட்டு வாங்க."

இன்று வகுப்புக்குப் போகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் தரம். கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தேன். ராத்தா கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தா. சொன்னேன். மச்சானிடம் வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னா. எடுத்தேன், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"கேட்டுப் பாத்தாச்சு" என்றார் மச்சான். "எங்கட குசினில வீரமுனைத் தம்பிமுத்து அண்ணன் இரிக்காருல்லா, எனக்குப் பதிலா அவர் போட்டுல போறன் எண்டு சொன்னாரு. மேனேஜர் விடல்ல. அந்த மனிசன் சமைச்சா உப்பு கூடவாம்." சிரிக்கப் பார்த்தார். "ஜெனூபா, கஷ்டப்படாத. டிக்கட்ட உடு. ரெண்டு வருஷம் ஓடிரும். மதிலும் முடிஞ்சிரும்."

ராத்தா ஈரக் கையைத் துடைக்காமலே ஃபோனுக்கு முன்னால் குனிந்தா. ஏதோ சொல்ல வாய் எடுத்தா. குசினிக் கதவில் உம்மா நின்றா. மச்சானின் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

"சரி. புறகு கதைப்பம்" என்றா ராத்தா.

ஃபோனை வைத்ததும் வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினா. அது புது மதிலின் அடி வரைக்கும் ஓடியது.

"அந்த ஒரு சீட்டப் போடு" என்றா.

"ராத்தா, பஸ்மினா..."

"நான் தனியப் போறன்."

உம்மா வெளியே வந்துவிட்டா. "என்ன கத கதைக்கா இவள்? பொம்புள தனிய பிளேன் ஏறிப் போறதா? சனம் என்ன சொல்லும்?"

"உம்மா, புள்ளயோட போகச் சொல்லி நீங்கதானே மீன் பொரிச்ச. அஞ்சு வயசுப் புள்ளயா எனக்குத் தொண? இறங்கினா எண்ட மாப்புள நிப்பாரு."

"அந்தப் புள்ளயக் கண்டாத்தான்டி அவன்ட மனசு மாறும். அது இல்லாம நீ போய் என்ன?"

ராத்தா கழுவிய சட்டை ஒன்றை எடுத்துப் பிழிந்தா, பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தா.

"அதுக்குத்தான் உம்மா நான் தனியப் போறது. புள்ளயக் காட்டி அழுதா அவரு வருவாரு. வந்து, மதில் முடியல்லயே எண்டு திரும்பப் போவாரு. எனக்கு ஊடு போதும் எண்டு நான் சொல்லணும். நம்மளால கட்டிக் குடுக்க ஏலாமப் போச்சு, நீங்க கட்டினீங்க, இனிப் போதும் எண்டு. இத நான்தான் சொல்லணும். நீங்க கேக்கக்குள்ள என்னால சொல்ல ஏலா."

ஆனால் இப்போது உம்மாவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டா. மூன்று பேருக்கும் அது விளங்கியது. வாப்பா விட்டுப்போன சுவரைப் பற்றி இந்த வீட்டில் இதுவரை யாரும் சத்தமாகக் கதைத்ததில்லை. உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனா. கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "வியாழக்கிழம அங்க அரபா. நோன்பு புடிச்சிட்டா பிளேன் ஏறப் போறாய்?"

"அது கடமையான நோன்பு இல்ல உம்மா."

"கடமை இல்லதான். நீ புடிக்கிற ஆள் எண்டுதான் கேட்டன். ஈச்சம்பழம் கட்டித் தாறன்."

அதோடு சரி. யாரும் சம்மதம் என்று சொல்லவில்லை.

நான் புதுத் தாள் எடுத்துத் திட்டத்தை எழுதினேன். புதன் இரவு பஸ். வியாழன் விமானம். வெள்ளி பெருநாள். சனி விடிய மச்சானின் படகு, பின்னேரம் ராத்தா திரும்பும் விமானம். பிள்ளைகள் குளிக்கும் இடத்தை எழுதவில்லை. ஒவ்வொரு நாளையும் இரண்டு கலண்டரிலும் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. திரும்பவும் பார்த்தேன். இனி எதையும் சரி என்று நம்ப எனக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும்.

ஊருக்குத் திரும்பி வர மச்சான் ஓம் என்று சொல்வாரா என்று ராத்தாவிடம் கேட்டேன்.

"தெரியா" என்றா. "சொல்லாட்டியும் நான் சொன்னது அவருக்குத் தெரிஞ்சிரிக்கும்."

பஸ்மினா தூங்கிவிட்டாள். பை அவளுடைய தலைமாட்டில் இருக்கிறது. ஸிப் இழுபடாமல் சாரனின் ஒரு முனை வெளியே தெரிகிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தனக்குத் தைரியம் இல்லை, நீ சொல்லு என்று ராத்தா சொல்லிவிட்டா. பிழை விட்டவள் நான், அதனால் மறுக்கவில்லை.

நாளை: விடிந்ததும் பஸ்மினாவிடம் அவள் போகவில்லை என்று சொல்ல வேண்டும். பையிலிருந்து சாரனை எடுக்க அவளிடமே கேட்க வேண்டும். பத்து மணிக்கு முன் றுமைஸ் காக்காவிடம் போய் ராத்தாவின் டிக்கெட்டை வியாழனுக்கு மாற்றி, பிள்ளையின் டிக்கெட்டை நீக்க வேண்டும்.