தகுதிப் பக்கத்து நாற்காலி

குடியிருப்புச் சங்கத்து சபாபதி சார் காபியை ஆற்றிக்கொண்டே என் மனைவி கனியமுதிடம் சொன்னார்: "பொங்கலுக்குப் பட்டிமன்றம் வச்சிருக்கோம்மா. வேலைக்கு வேண்டியது தகுதியா, இட ஒதுக்கீடா? நீங்க தகுதிப் பக்கம். புயலன்னைக்கு விடிய விடிய நின்னு கரண்ட் குடுத்த இன்ஜினியர். உங்கள விட்டா யாரு?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுக்களைக்குள் நழுவிவிட்டேன். வேலை தெரிந்தவர் என்றால் ஒதுக்கீட்டில் வந்திருக்க மாட்டார் என்பது எங்கள் மின்வாரியக் குடியிருப்பில் எழுதாத சட்டம். கனியமுது எஸ்.சி. ஒதுக்கீட்டில் வந்தவள். மனுஷனுக்கு அந்த யோசனையே வரவில்லை.

"பேசுறேன் சார்," என்றாள் கனி.

அவர் படியிறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "ஒதுக்கீட்டுல வந்தத மேடையில சொல்லிடுவியாடி?"

"பின்ன?"

முன்பிருந்த ஊரில் எங்கள் சாதி தெரிந்ததும் பக்கத்து வீட்டோடு சண்டை வரவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. குழம்புக் கிண்ணம் போவதும் வருவதும் மட்டும் நின்றுபோனது. அதற்குக் கனி அழுதாளே, அப்படி அவள் எதற்கும் அழுததில்லை. இங்கே பக்கத்து வீட்டில் புவனா அக்கா இருக்கிறார். தினம் காலையில் கனி காம்பவுண்டுச் சுவரில் வைக்கும் குழம்பை எடுத்துப்போவார். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தந்ததே கிடையாது. ஒரு வடையாவது கிடக்கும்.

"புவனா அக்காவ நெனச்சுப் பாரு," என்றேன்.

"நெனச்சுதான் சொல்றேன். ஒளிச்சு வச்சுக் குடுக்குற குழம்பு எனக்கே எறங்கலப்பா."

பொங்கலன்று சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் புவனா அக்கா. கனி மைக்கைப் பிடித்தாள்.

"நான் தகுதியானவள்னு சொல்லி சபாபதி சார்தான் இங்க உக்கார வச்சாரு. சார், சொன்னது சொன்னதுதான், வாபஸ் கெடையாது." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் எஸ்.சி. ஒதுக்கீட்டுல வந்தவ. எங்கப்பா செங்கல் சூளையில மண்ணு மிதிச்சவரு. ஒதுக்கீடு எனக்குக் கதவத் தெறந்துச்சு. உள்ள வந்து வேலை பாத்தது நான். புயலுக்கப்புறம் ஃபேன் சுத்துச்சே, அப்ப யாராச்சும் எந்தக் கோட்டா கரண்டுன்னு கேட்டீங்களா?"

கனி தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பப் பாருங்க, நாற்காலிய மாத்திப் போட்டுட்டீங்க." தன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு, நடுவர் முன்னாலேயே நடந்து, எதிரணிப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அன்று ஊதினேன் பாருங்கள், மைதானத்து நாயெல்லாம் எழுந்துவிட்டது. என் பொண்டாட்டிடா! சிலர் கைதட்டினார்கள். சிலர் செல்போனைக் குனிந்து பார்த்தார்கள். சபாபதி சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையைத் தேடினேன். புவனா அக்காவின் இடம் காலியாக இருந்தது.

மறுநாள் காலையில் கனி கத்தரிக்காய்க் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, தட்டால் மூடினாள்.

"இன்னைக்கு ஒருநாள் விட்டுடேன்," என்றேன்.

"ஏன், இன்னைக்குக் குழம்பு நல்லா இல்லயா?"

வெளியே போய்ச் சுவரின் நட்டநடுவில், என்றைக்கும் வைக்கும் இடத்திலேயே வைத்தாள். உள்ளே வந்து, திரும்பிப் பார்க்காமல் தலை வார ஆரம்பித்தாள். நான்தான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். குழம்பின் ஆவி தட்டோரமாக வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.