பெண் கேட்கப் போய் தண்ணீர் பார்த்தவன்

பாஸிம் வீட்டுக்கு வீடு போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்பவன். இம்பாபா பேட்டையில் அவன் ஏறாத மாடி இல்லை, தட்டாத கதவு இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவன் படியேறியது பெண் கேட்க. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நக்லாவும் அவனும் ஒரு வருஷமாகப் பழகுகிறார்கள். இன்று அவள் அப்பா சம்மதித்து ஃபாத்திஹா ஓதிவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. இல்லையென்றால் கதை கந்தல். அதனால் காலையிலேயே நக்லா போன் போட்டுக் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாரு, ரெண்டே விஷயம். தொழில் பேச்சை எடுக்காதே. அப்பாவோட புறாவைப் பத்தி வாயே திறக்காதே. போன தடவை பெண் கேட்டு வந்தவன், 'அரிசி அடைச்சு வறுத்தா அமோகமா இருக்குமே'ன்னு சொல்லித் தொலைச்சான். காபியைக்கூடக் குடிக்க விடல, கிளப்பிட்டார்."

"நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்றான் பாஸிம்.

பச்சைக் குழந்தையாவது பால் கொடுத்தால் வாயை மூடும். இவனுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது.

இரவல் கோட்டு, பஸ்பூஸா இனிப்பு டப்பா, பக்கத்தில் அம்மா. இப்படி எல்லாம் முறையாகத்தான் ஆரம்பித்தது. நக்லாவின் அப்பா ஹாஜி ஃபர்கலி, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவன் திருட்டுத்தனமாக ஏறியவன் என்றே நினைத்துப் பார்க்கும் பார்வை இன்னும் போகவில்லை. காபி வந்தது, கூடவே ஆளுக்கொரு தம்ளர் தண்ணீரும் வந்தது. பேச்சை இழுத்தது பாஸிம் இல்லை, நக்லாவின் அம்மா ஸுஹைர்தான்.

"முதல் மாடி சமீரா அவ பொண்ணுக்குச் சீர்ல அஞ்சு கட்டமா வடிகட்டுற ஃபில்டர் வச்சா தம்பி. தெருவே வாயைப் பிளந்துச்சு. நம்ம பொண்ணுக்கு ஏழு கட்டமாவது வேண்டாமா?"

"ஏழு என்ன ஏழு? ஒன்பது இருந்தா அதைப் போடு!" என்று தொடையைத் தட்டினார் ஃபர்கலி. "இந்த வீட்டுக்கு ஒண்ணு, சீருக்கு ஒண்ணு. இவர்கிட்டயே வாங்குவோம். தம்பி, உன் தொழிலை எனக்கே பண்ணிக் காட்டு. திறமையான ஆளான்னு பார்ப்போம்."

கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தது என்று சொல்வோமே, அதுதான் இது. தலையை ஆட்டினால் போதும். பெண்ணும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு.

"தண்ணியில கரண்ட் கம்பியை விட்டுக் காட்டுவாங்களே, அதைக் காட்டுப்பா," என்றாள் ஸுஹைர். "போன மாசம் ஃபில்டர் விக்க வந்த ஒருத்தன் விட்டுக் காட்டினான். தண்ணி அப்படியே சாக்கடையாப் போச்சு! எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல."

"அது தண்ணியில இருக்கிற அழுக்கு இல்ல, அத்தை. கரண்ட் பட்டுக் கம்பிதான் கரையுது. கடையில விக்கிற பாட்டில் தண்ணியில விட்டாலும் துருப்பிடிச்சு அப்படித்தான் ஆகும். சும்மா பூச்சி காட்டுற வேலை."

பக்கத்தில் இருந்த அம்மா அவன் காலை ஒரு மிதி மிதித்தாள். "மருமகளைக் கண்ணுல காட்டுறியா, இல்ல கடையைச் சாத்துறியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

சரி, இனி பேசுவதில்லை என்று தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். மூக்கு சுருங்கியது. கை தானாகக் கோட்டுப் பையில் போய், தண்ணீரைச் சோதிக்கும் சின்ன மருந்துக் குப்பியை எடுத்தது. தண்ணீரில் சில சொட்டு விட்டான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் அப்படியே இருந்தது.

"பாத்தியா! நிறமே மாறல. எங்க தண்ணி அவ்வளவு சுத்தம்!" என்றார் ஃபர்கலி.

"அதுதான் மாமா வம்பு. மஞ்சளாகணும். கிருமியைக் கொல்றதுக்கு அரசாங்கம் போடுற குளோரின் இதுல துளிகூட மிச்சமில்ல."

நக்லா அவனை முறைத்தாள். ஆனாலும் மருந்துக்கடைக்காரி இல்லையா, அவளுக்கும் ஆர்வம் தாங்கவில்லை. கீழே ஓடி, தெருக் குழாயிலிருந்து நேராக வருகிற தண்ணீரில் ஒரு தம்ளர் பிடித்து வந்தாள். அதில் சொட்டு விழுந்ததும் எலுமிச்சை மஞ்சள்.

"தெருவுல நல்லாத்தான் வருது. மாடித் தொட்டிக்குப் போய்த்தான் கெடுது," என்று சொல்லிவிட்டு அவன் கதவைப் பார்த்து நடந்தான். நக்லா கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள். அதற்குள் ஃபர்கலி எழுந்துவிட்டார், பின்னாலேயே மொத்தக் குடும்பமும் ஏறியது.

மொட்டைமாடியில் புறாக்கூடு, அதை ஒட்டி பெரிய சிமெண்ட் தொட்டி. தொட்டிக்கு மூடி இல்லை. மூடி தரையில் மல்லாந்து கிடந்தது, அதில் சோளம். தொட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து புறாக்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று திரும்பி உட்கார்ந்து, எல்லோர் கண்ணெதிரேயும் தண்ணீருக்குள் எச்சமிட்டது.

"வெயில்ல பாவம், தவிச்சுப் போயிடுதுங்க," என்றார் ஃபர்கலி பூரிப்போடு. "உள்ள குளுகுளுன்னு இருக்குமேன்னு நான்தான் மூடியை எடுத்துவிட்டேன். எப்படி இருக்காங்க என் ராஜாத்திங்க?"

பாஸிம் தொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அழகா இருக்காங்க மாமா, ஒன்பது கட்டமே மாட்டிடுவோம் என்று சொன்னால் நக்லா அவனுக்கு. உண்மையைச் சொன்னால் படிக்கட்டு. அவள் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்கு லீவு போடுகிறவளும் அவள்தானே? அவள் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தானே?

"மாமா, உங்களுக்கு ஏழும் வேண்டாம், ஒன்பதும் வேண்டாம். தொட்டியைக் கழுவி, மருந்து போட்டு, மூடியை மூடுங்க. பழைய குழாய்த் துருவுக்கு மூணு கட்டம் தாராளம். இப்படியே விட்டா எந்த ஃபில்டரும் சீக்கிரமே அடைச்சுக்கும். பல்லு விளக்குறதும் இந்தத் தண்ணியிலதானே? கட்டடமே உங்க புறா எச்சத்தைக் குடிச்சிட்டிருக்கு."

ஸுஹைர் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் ஊர்ல ஒருத்தர் விடாம டீ போட்டுக் கொடுத்திருக்கேனே!"

ஃபர்கலியின் முகம் சிவந்தது. "என் வீட்டுல உக்காந்து, என் காபியைக் குடிச்சிட்டு, என் புறாவையா குத்தம் சொல்றே? இறங்குடா கீழே!"

பாஸிம் அம்மாவின் கையைப் பிடித்தான். அழுகை வரும்போல இருந்தது. "போறேன் மாமா. ஆனா தொட்டியைக் கழுவாம இவளை ஒரு வாய்கூடக் குடிக்க விடாதீங்க."

படிக்கதவை மறித்துக்கொண்டு நின்றாள் நக்லா. "அப்பா, நல்லா யோசிச்சுக்கோங்க. இவர் இப்ப எல்லார் வீட்டுக் கதவையும் தாண்டித்தான் போகணும். கதவு தட்டுறதுதான் இவர் தொழிலே. வெளியாளா போனா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவார்."

"சொல்லுவியா?" என்றார் ஃபர்கலி. குரல் இறங்கியிருந்தது.

"கேட்டா பொய் சொல்ல வராது மாமா," என்றான் பாஸிம் பாவமாக.

"வீட்டு மாப்பிள்ளைன்னா," என்றாள் நக்லா, "யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே தொட்டிக்குள்ள இறங்கித் தேய்ச்சுடுவார்."

ஃபர்கலி கீழே எட்டிப் பார்த்தார். முதல் மாடியில் சமீரா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எல்லாரும் கையை ஏந்துங்க. ஃபாத்திஹா ஓதிடலாம்."

ஓதி முடித்ததுதான் தாமதம், ஸுஹைர் போட்ட குலவையில் புறாக்கள் மொத்தமும் கிளம்பிப் பறந்தன. எல்லா ஜன்னலிலிருந்தும் தலைகள் நீண்டன. ஃபர்கலி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கத்தினார்.

"நம்ம நக்லாவுக்கு நிச்சயமாயிடுச்சு! அந்தச் சந்தோஷத்துல நானே தொட்டியைக் கழுவித் தர்றேன். சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் குழாயைத் திறக்கக் கூடாது!"

"அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும் ஹாஜி!" என்று கூவினாள் சமீரா. "மாப்பிள்ளை எங்கே? முகத்தைக் காட்டச் சொல்லுங்க!"

"இதோ இருக்கேன் அக்கா," என்று பதில் வந்தது தொட்டிக்குள்ளிருந்து.